'ஃப்ரஜைல்' என்று ஒட்டிய பிறகு

1

இந்தக் கதை ஒரு சொல்லின்மேல் எனக்கு வந்த கோபத்தில் பிறந்தது. அழகான பிறப்பன்று, ஒப்புக்கொள்கிறேன். சொல்: ஃப்ரஜைல். கண்ணாடிச் சாமான் பெட்டியின்மேல் சிவப்பு எழுத்தில் ஒட்டுகிறார்கள். செய்தித்தாளில் இரு நாடுகளின் அமைதிக்கும் அதே சொல், கூட்டணி ஆட்சிக்கும் அதே சொல். முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். 'எளிதில் உடையக்கூடிய' என்று கரும்பலகையில் பொருள் எழுதிவிட்டுச் சுண்ணக்கட்டித் தூளை உதறியிருக்கிறேன். பொருள் தெரிந்தால் போதும் என்று நினைத்திருந்த காலம் அது.

2

முதல் தொடக்கம்: அவள் மென்மையானவள்; காற்றடித்தால்கூட...

(அடித்துவிட்டேன். பொய். என் மனைவி ஒழுகும் குழாயைத் தானே கழற்றி மாட்டுபவள். வரிசையில் முந்துகிறவனை வாயாலேயே பின்னுக்கு அனுப்புபவள்.)

இரண்டாம் தொடக்கம், உள்ளது உள்ளபடி: மூன்று மாதங்களுக்கு முன் அவளுக்கு இதய அறுவை நடந்தது. மருத்துவர் என் மகனிடம், "அம்மா இப்ப ரொம்ப ஃப்ரஜைல். ஆறு வாரத்துக்கு எந்த அதிர்ச்சியும் வேண்டாம்" என்றார். ஒன்பதாம் நாள், தொலைவூரில், அவளுடைய ஒரே தங்கை இறந்துபோனாள்.

"அம்மாகிட்ட மூச்சு விட்டுடாதீங்கப்பா" என்றான் மகன்.

"எத்தனை நாளைக்குடா?"

"தேறட்டும். ஃப்ரஜைல்னு டாக்டரே சொல்லிட்டாரே."

ஆறு வாரம் என்பதை இருவரும் மறந்தோம்.

[அடிக்குறிப்பு: மறக்கவில்லை. மறந்ததாக வைத்துக்கொண்டோம்.]

3

அக்காளும் தங்கையும் நாள் தவறாமல் கைப்பேசியில் செய்தி எழுதிக்கொள்பவர்கள். இறந்த தங்கையின் கைப்பேசியை அவள் கணவரிடமிருந்து மகன் வாங்கிவந்து என்னிடம் கொடுத்தான். 'உன் தங்கைக்குத் தொண்டையில் சதை வளர்ந்திருக்கிறது. பேசக்கூடாது, எழுதத்தான் முடியும்' என்று மனைவியிடம் கதை கட்டினோம். அன்று முதல் இறந்தவளாக நான் எழுதிவருகிறேன். எழுத்தாளன் என்று என்னைச் சொல்லிக்கொள்ள வேறு ஆதாரம் இல்லை.

அந்தப் பாத்திரத்தில்தான் தவறினேன். "அன்புள்ள அக்கா, உடம்பைப் பார்த்துக்கொள். ஓய்வெடு." இப்படியே நாள்தோறும், இனிமையும் பணிவுமாக. உண்மையான தங்கை அக்காளைக் 'கிழவி' என்பாள். "இன்னும் இருக்கியா?" என்பதே அவளுடைய காலை வணக்கம். பழைய செய்திகளெல்லாம் அதே கைப்பேசியில்தான் இருந்தன. படித்தேன். அவ்வாறு எழுதக் கை கூசியது. நோயாளியாயிற்றே!

4

நேற்று மதியம் மாத்திரையோடு போனேன்.

"ஏங்க, மறைக்காம சொல்லுங்க. டாக்டர் எனக்கு நாள் குறிச்சிட்டாரா?"

"என்ன பேச்சு இது? நல்லாத் தேறிட்டே."

"அப்புறம் என் தங்கச்சி ஏன் இப்படிக் குழையறா? மூணு மாசமா ஒருதடவைகூட என்னைத் திட்டல. நீங்களும் உங்க பிள்ளையும் பூசி மெழுகுவீங்க, தெரியும். அவ மாட்டா. அவளே தேனா எழுதறான்னா என் கதை முடிஞ்சுதுன்னுதானே அர்த்தம்?"

"மாத்திரையைப் போடு முதல்ல."

"போகப்போறவளுக்கு எதுக்கு? நீங்களே போட்டுக்கங்க."

நேற்றும் போடவில்லை, இன்றும் போடவில்லை. அறுவையைத் தாங்கியவளை என் அன்பான வாக்கியங்கள் சாய்த்துக்கொண்டிருக்கின்றன.

5

முடிவு அ: தங்கையாகவே நன்றாகத் திட்டி எழுதுகிறேன். அவள் சிரித்து, மாத்திரையை விழுங்குகிறாள். வாழ்கிறாள், இல்லாத ஒருத்தியை நம்பிக்கொண்டு.

முடிவு ஆ: அடுத்த அறைக்குப் போய்ச் சொல்கிறேன். அவள் அழுகிறாள், தாங்குகிறாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ இத்தனை நாள் எனக்கு எழுதினது யாரு?" என்று...

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். அவளால் தாங்க முடியாது என்றா இத்தனை நாள் அஞ்சினேன்? அந்தக் கேள்வியை என்னால் தாங்க முடியாது என்றுதான்.)

இதை எழுதும்போதே மேசைமேல் தங்கையின் கைப்பேசி அதிர்ந்தது. "நீயாவது உண்மையைச் சொல்லுடி. நான் பொழைப்பேனா?" திறந்துவிட்டேன், படித்துவிட்டதை மனைவியின் கைப்பேசி இந்நேரம் காட்டியிருக்கும். 'அக்கா' என்று அடித்தேன். அழித்தேன். மீண்டும் அடித்தேன்.

அடுத்த அறையிலிருந்து குரல் வருகிறது.

"ஏங்க, இங்க வாங்களேன்! அவ எழுதிக்கிட்டிருக்கான்னு காட்டுது!"

வாசகரே, கைப்பேசியை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். எழுதுவதானால் விரைவாக எழுதுங்கள். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.