டிரைவரின் சார்ஜர்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த தம்பியின் கட்டுப்போட்ட காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மூக்கைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடிப் பைக்குள் கையை விட்டபோது, லிஃப்ட் மெக்கானிக்கின் விரலில் ஒரு ஒயர் சிக்கியது. கறுப்பு டேப் சுற்றிய சார்ஜர். அவனுடையது இல்லை.

"ஏண்டா அண்ணா, நான் சாகறதுக்குள்ளயே என் மோட்டார் பைக்குக்கு விலை பேசிட்டியா?" என்றான் தம்பி. உதடு வீங்கியிருந்ததால் சிரிப்பு கோணியது.

"வாயை மூடிட்டுப் படுறா" என்றான். கை மட்டும் பைக்குள்ளேயே இருந்தது.

காலையில் தம்பி வந்த விமானம் புயல் மழையில் இறங்கும்போது ஓடுபாதையை விட்டு வழுக்கி, இரண்டாக முறிந்து எரிந்தது. சொந்தக்காரர்களையெல்லாம் விமான நிலையத்து ஹாலில் உட்காரவைத்தார்கள். பிழைத்தவர்களைப் பற்றி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும் என்றார்கள். சுவரோரம் இருந்த ஒரே பிளக்கின் அடியில் ஒரு பஸ் டிரைவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய மகள் அந்த விமானத்தில் வந்தவள்.

"உன்னோடதும் கிழட்டு போனா? இந்தச் சார்ஜர் முள்ளு இங்க வேற எவன்கிட்டயும் இல்ல" என்று மெக்கானிக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "இந்த மழைக்கு நான் பஸ்ஸையே ஓரங்கட்டி நிறுத்திடுவேன். இவனுங்களுக்கு என்ன அவசரம்?"

மெக்கானிக்கின் போன் சாகக் கிடந்தது. டிரைவர் தன் போனைக் கழற்றினார். "முதல்ல நீ போடு. எனக்குக் கொஞ்சம் இருக்கு." அந்தக் கொஞ்சமும் சிறிது நேரத்தில் தீர்ந்தது. அவர் கேட்கவில்லை. இவனும் கழற்றிக் கொடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று பார்த்தான். அவர் இரண்டு முறை மகளைப் பற்றிப் பேச்செடுத்தார். இரண்டு முறையும் இவன் குறுக்கே விழுந்து தன் தம்பி கதையைச் சொன்னான்.

அப்போதுதான் இவனுக்குப் போன் வந்தது. "என் தம்பி பிழைச்சுட்டான்!" என்று ஹாலே அதிரக் கத்தினான். டிரைவரின் வழுக்கைத் தலையில் முத்தம் கொடுத்தான். போனைச் சார்ஜரோடு பிடுங்கிக்கொண்டு ஓடினான். வாசலைத் தாண்டும்போது பின்னால் யாரோ ஒரு பெண் ஓவென்று அழுதது காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது தம்பியின் கட்டிலருகே நின்று, புதுசாக ஒரு சார்ஜர் வாங்கி யாரிடமாவது டிரைவருக்குக் கொடுத்தனுப்பலாமா என்று யோசித்தான். அந்த முகத்தைப் பார்க்காமல் தப்பிக்க அதுதான் வழி. ஆனால் இந்த முள்ளை இப்போது எந்தக் கடையிலும் வைப்பதில்லை. தவிர, டிரைவர் எல்லா இடத்திலும் எழுதிக்கொடுத்தது அந்த ஒரே நம்பரைத்தான்; அந்தப் போன் செத்துக் கிடந்தால் மகளைப் பற்றி எந்தச் சேதியும் அவருக்கு வராது.

"எங்கடா போற?" என்றான் தம்பி.

"ஒருத்தர் பொருள எடுத்துட்டு வந்துட்டேன்."

"அவ்வளவுதானே? நாளைக்குக் குடு."

அவன் சார்ஜரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு விமான நிலையத்துக்கு ஓடினான்.

ஹாலில் பாதி நாற்காலிகள் காலியாகிவிட்டன. டிரைவர் அதே சுவரோரம், பிளக்கின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, பிளக்கைக் கேட்டு வந்த ஒருவனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "வேற இடம் பாருய்யா. மெக்கானிக்கு இப்ப வந்துருவான்."

இவன் சார்ஜரை நீட்டினான். திட்டுவார் என்று பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"தம்பிக்கு எப்படி இருக்கு?"

"கால்தான்... உயிருக்கு ஒண்ணுமில்லண்ணே."

"கால் போனாப் போகுது. அவன்கூட யாராவது இருக்காங்களா? தனியா விட்டுட்டு வந்துட்டியே."

இவன் குனிந்து டிரைவரின் போனைச் சொருகித் தரையில் வைத்தான். வெகுநேரம் கழித்துப் போன் திரையில் வெளிச்சம் வந்தது. பிறகு அது ஒரு முறை அதிர்ந்தது. நிற்காமல் மேலும் மேலும் அதிர்ந்தது. போன் செத்துக் கிடந்தபோது விட்டுப்போன அழைப்புகளின் குறுஞ்செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. மகளைப் பற்றி என்ன சேதியோ என்று டிரைவர் எடுக்கவில்லை. இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டார். வழவழப்பான தரையில் போன் வண்டு மாதிரி முனகியபடி, கொஞ்சம் கொஞ்சமாக மெக்கானிக்கின் காலை நோக்கி நகர்ந்து வந்தது. அவன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.