பழைய தடத்துச் சாதனை

பந்தயத் தடத்தில் அவளை எல்லோரும் கடிகாரக்காரி என்றுதான் அழைப்பார்கள். கோபுரத்தின் மூன்றாவது மாடியில், கண்ணாடிச் சன்னலோரம் அவளுக்கு ஒரு மேசை, இரண்டு திரைகள். ஒரு சுற்றை மூன்று பகுதிகளாகப் பிரித்துத் தடத்துக்கு அடியில் கம்பி புதைத்திருந்தார்கள். மோட்டார் சைக்கிள் ஒவ்வொரு கம்பியைத் தாண்டும்போதும் நேரம் அவள் திரையில் வந்து விழும்.

அந்தத் தடத்தின் சுற்றுச் சாதனை அவள் கணவனுடையது. ஒரு நிமிடம் பத்தேமுக்கால் நொடி. ஏழு வருடமாக யாராலும் அதன் பக்கத்தில்கூட வர முடியவில்லை.

"வீட்டுக்காரி கையிலதானே கடிகாரம்? ரெண்டு நொடி குறைச்சுப் போட்டிருப்பா" என்று மற்ற ஓட்டுநர்கள் அவனைச் சீண்டுவார்கள்.

"வீட்டுக்கு ரெண்டு நிமிஷம் லேட்டா போனாலே விட மாட்டா. இங்கயா விடப்போறா?" என்பான் அவன்.

போன வருடம் தகுதிச் சுற்றில் முதல் பகுதியைத் தன் சாதனையைவிட வேகமாகக் கடந்தான். இரண்டாவதையும் அப்படியே. அவள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். மூன்றாவது நேரம் வரவில்லை. ரயில் பாதையை ஒட்டிய வளைவில் சறுக்கி, கான்கிரீட் சுவரில் போய் மோதியிருந்தான். சிவப்புக் கொடி காட்டிய பிறகும் அவன் பெயருக்கு நேரே நொடிகள் ஓடிக்கொண்டே இருந்தன. தொண்ணூறு, நூறு, நூற்றிருபது. நிறுத்த வேண்டியவள் அவள்தான். கை எழவில்லை. பக்கத்து மேசைக்காரர் வந்து விசையை அழுத்தினார்.

மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியவள், முதல் காரியமாகச் தடத்தை நடத்தும் சங்கத்தின் செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுத்தாள். ஐந்து வருடத்தில் அந்த வளைவில் நடந்த பதினோரு சறுக்கல்களையும் தேதி போட்டு எழுதியிருந்தாள். சுவரைத் தள்ளிக் கட்ட வழியில்லை, பின்னால் ரயில் ஓடுகிறது. வளைவுக்கு முன்னால் வண்டிகளின் வேகத்தைக் குறைக்கப் புதிதாக ஓர் இடவலத் திருப்பம் போட்டே ஆகவேண்டும். போட்டால் தடம் நீளும். நீண்டால் இதுவரை உள்ள சாதனைகள் எல்லாம் 'பழைய தடம்' என்ற தலைப்புக்குக் கீழே போய்விடும். புதிய தடத்துக்குப் பலகை வெறுமையாகத் தொடங்கும்.

இதே கடிதத்தை அவள் முன்பே ஒருமுறை எழுதியதுண்டு. அவன் சாவதற்கு ஒரு வருடம் முன்பு. "இந்த ஒரு சீசன் போகட்டும்மா" என்று அவன் கெஞ்சினான். "அந்த நம்பரை விட்டா என்கிட்ட வேற என்ன இருக்கு?" அவள் மனம் இளகிக் கடிதத்தைக் கிழித்துப் போட்டாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

அவள் மாமனார் அதே தடத்தில் வண்டிப் பரிசோதகர். எந்த வண்டியானாலும் அவர் கை பட்ட பிறகுதான் தடத்தில் இறங்கும். கடித விஷயம் அவர் காதுக்கு எட்டிய மத்தியானம், சாப்பிட உட்கார்ந்தவர் தட்டில் கை வைக்கவில்லை.

"நீதான் எழுதிக் குடுத்தியாமே?"

"ஆமா மாமா."

"புள்ளைதான் போயிட்டான். அவன் பேராவது பலகையில மேல நின்னுச்சு. அதையும் இறக்கணுமா?"

"இன்னொரு வீட்டுல இப்படி ஆகக் கூடாது மாமா."

"இன்னொரு வீடு! இந்த வீட்டை யாரு பாக்கிறது?"

எழுந்து போனவர், அதன்பின் எட்டு மாதம் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் மாமியார் வழியாகத்தான் கேட்டார். "நான் என்ன தபால்காரியா?" என்று அலுத்துக்கொண்டே மாமியார் இருவருக்கும் நடுவில் அல்லாடினார்.

சங்கம் ஒப்புக்கொண்டு திருப்பத்தைப் போட்டு முடித்தது. புதிய தடத்தில் முதல் பந்தயம். நான்காவது சுற்றில் புது ஓட்டுநர் ஒருவன் அந்த வளைவில் விழுந்தான். திரையில் மூன்றாவது நேரம் வரவில்லை. அவள் எழுந்து சன்னல் கண்ணாடியோடு ஒட்டி நின்று பார்த்தாள். வண்டி புல்லில் உருண்டு, சுவருக்கு வெகு முன்னாலேயே நின்றிருந்தது. அவன் எழுந்தான். ஆத்திரத்தில் சக்கரத்தை ஓர் உதை விட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். வண்டியைச் சோதிக்க வேண்டிய மாமனார் வண்டியைப் பார்க்கவே இல்லை. அவன் தோளை, முழங்கையை, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலம் அவர் சமையலறைப் பக்கம் வந்தார்.

"முட்டியில சிராய்ப்பு. அவ்வளவுதான் அந்தப் பயலுக்கு."

அவள் அடுப்பை அணைத்தாள். அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை.

"மாமா, இந்தக் கடிதத்தை நான் முன்னாடியே எழுதினேன். அவர் கெஞ்சினார்னு கிழிச்சுட்டேன். அன்னிக்கே குடுத்திருந்தா அவர் இருந்திருப்பார்."

"தெரியும்மா" என்றார் அவர். சுவரைப் பிடித்துக்கொண்டார். "அவ எழுதப் போறா, என்னப்பா பண்றதுன்னு எங்கிட்டதான் வந்து கேட்டான். கால்ல விழுந்தாவது நிறுத்துடான்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்."

இருவரும் அழுதார்கள். ஒருவரை ஒருவர் தேற்றவில்லை.

மாமியார் கூடத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். கையில் துவைத்த துணி.

"அந்த வளைவு ஆளைக் கொல்லும்னு மூணு பேருக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார் மெதுவாக. "எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே. நான் அவனைப் போகாதேன்னு சொல்லியிருப்பேனே."

மாமனார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமியார் அதற்கு நிற்கவில்லை. துணியை அப்படியே நாற்காலியில் போட்டுவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.