மேற்குப் பக்கக் கண்ணாடி

...அந்தச் சத்தம் நின்றுவிட்டதே என்றுதான் ரஃபல் நிமிர்ந்தாள், கொஞ்ச நாளாகக் கடலை அரைப்பதுபோல் கரகரத்துக்கொண்டிருந்த கிராபிக்ஸ் கார்டின் விசிறி இப்போது வாயே திறக்கவில்லை, அப்பாடா என்று ஒரு நொடி நிம்மதிகூட வந்தது, பிறகுதான் திரையின் மூலையில் வெப்பம் எண்பத்தெட்டு என்று காட்டியது... சரி, விசிறி செத்தது. பாக்தாத்தில் ஆகஸ்ட் மதியத்தில் எதுதான் சாகாது? பயமா? எதற்குப் பயம், இந்தப் பெட்டியின் குடலெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சாயங்காலம் டாக்டர் இப்திஸாம் வருவார், தன் குழந்தைகள் கிளினிக்கின் காத்திருப்புக் கூடம் எப்படி இருக்கும் என்று படமாகப் பார்ப்பார், பிடித்துவிட்டால் வேலை ரஃபலுக்கு, அவள் பெயரில் எழும்பும் முதல் கட்டடம், இத்தனை வருடம் அடுத்தவர் அலுவலகத்தில் அடுத்தவர் பெயருக்கு வரைந்தது போதும்... படம் முக்கால்வாசி உருவாகிவிட்டது, மீதியையும் இந்தக் கார்டுதான் பெற்றுப்போட வேண்டும், அது இப்போது மயங்கி விழுந்தால் எல்லாம் போச்சு, விழ விடுவாளா?

வேலையைச் சற்று நிறுத்திவைத்துப் பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றினாள், பென்சில் நுனியால் விசிறியைத் தள்ளிப் பார்த்தாள், அரைச் சுற்று சுற்றி நின்றது, நின்றால் நில் போ, உன்னை நம்பியா பிறந்தேன். அக்கம்பக்கத் தெருக்களுக்குப் பொதுவான ஜெனரேட்டரின் மின்சாரத்தில் கம்ப்யூட்டரோடு ஒரு மின்விசிறிதான் ஓடும், ஏசியைப் போட்டால் மொத்தமும் அணைந்துவிடும், அந்த ஒரே விசிறி சோபாவில் படுத்திருந்த முஹன்னத்துக்கு வீசிக்கொண்டிருந்தது, அவள் கேட்கவில்லை, தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கணவன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். “எனக்கு அடிச்ச காத்த அதுக்குக் குடுக்கிறியா? பேசாம நான் அந்தப் பெட்டியாவே பொறந்திருக்கலாம்.” “நீ சூடானா சத்தம் போடுவ. அது சத்தமில்லாமச் செத்துடும்” என்றாள் திரும்பாமல். காற்று கீழிருந்து நுழைய வேண்டும், சூடு மேலே போக வேண்டும், மேல் மூடியையும் எடுத்து எறிந்தாள், உள்ளே வந்த சூட்டுக்கு வெளியே போக ஒரு வழி, அவ்வளவுதானே விஷயம், இதற்குப் போய்க் கடைக்காரன் ஒரு வாரம் கேட்பான்... எண்பத்தொன்று. எழுபத்தாறு. வேலையை மறுபடி ஓடவிட்டாள், எழுபத்தெட்டில் நின்றது. சபாஷ் ரஃபல். கழுத்தில் வியர்வை வழிந்தது, வழியட்டும்.

படங்கள் ஒவ்வொன்றாய் விழுந்தன, தரையிலிருந்து கூரைவரை ஒரே கண்ணாடி, அதன் வழியே மேற்கு வெயில் தேன்போல் இறங்கிக் குட்டி நாற்காலிகளில் படிந்தது, அந்த ஒளிக்காகவே சாயங்காலச் சூரியனை வைத்திருந்தாள், டாக்டரும் துபாய் மாதிரி வேண்டும் என்றுதானே சொன்னார், என்ன அழகு, இதைப் பார்த்தவர் எப்படி வேண்டாம் என்பார்? முஹன்னத் பனியனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றான். “நல்லாருக்குடி. இந்த சன்னல் எந்தப் பக்கம் திறக்கும்?” “திறக்காது. ஏசி இருக்குல்ல” என்றாள், பள்ளிக்கூடத்தில் பதில் சொல்வதுபோல் சட்டென்று. அவன் தலையாட்டிவிட்டு முகம் கழுவப் போனான், மேலே ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்... ஏசி இருக்கிறது, இந்த வீட்டிலும்தான் இருக்கிறது, சுவரில், அணைந்து. கிளினிக் இருக்கப்போவது அடுத்த தெருவில், அதே ஜெனரேட்டர்தான். காய்ச்சலில் ஒரு பிள்ளை, அம்மா மடியில், அந்தத் தேன் வெயிலில்... படத்திலிருந்த கூடத்தைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள், கீழே ஒரு திறப்பு, மேலே ஒரு திறப்பு, எங்காவது வைத்திருப்பாளே, ஒரு பெட்டிக்கு வழி செய்யத் தெரிந்தது, இத்தனை வருடம் வரைந்த கைக்குத் தெரியாதா? இல்லை. எங்குமே வைக்கவில்லை.

கடைசிப் படமும் விழுந்தது. வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம், பிறகு டாக்டரின் குரல், முஹன்னத் “வாங்க டாக்டர், வாங்க” என்று வரவேற்பது. படங்களை ஓட்டிக் காட்ட வேண்டியதுதான் பாக்கி. ரஃபலின் கை மவுஸின்மேல் இருந்தது, அழுத்தவில்லை, அந்த மேற்குப் பக்கக் கண்ணாடியில் எந்த இடத்தில் ஒரு கைப்பிடி வைக்கலாம் என்று கண் தேடிக்கொண்டிருந்தது.