வெள்ளிக்கிழமைப் பயறு

மணிலாவில் இருந்த அந்தக் கப்பல் ஏஜென்ஸியில் திங்கட்கிழமை காலை ஜெபம் முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து நின்று தன் லட்சியத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். முதலாளி மேடம் எர்லிண்டா கொண்டுவந்த வழக்கம் இது. சொல்லச் சொல்லத்தான் லட்சியம் உயிரோடு இருக்குமாம். டெல்ஃபினும் இரண்டு வருடம் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இந்த வருஷம் கேடட்டா கப்பல் ஏறுவேன். நாப்பது வயசுல கேப்டன் ஆவேன்."

எல்லோரும் கைதட்டுவார்கள். அவன் போய்க் காபி கலப்பான்.

கப்பல் படிப்பில் மூன்று வருட வகுப்பை முடித்துவிட்டான். பன்னிரண்டு மாதம் கப்பலில் கேடட்டாகப் பயிற்சி பெற்றால்தான் பட்டம். அந்த இடத்துக்காக ஏஜென்ஸியில் சம்பளமில்லாமல் எடுபிடி வேலை பார்த்துக் காத்துக்கிடக்க வேண்டும். இதை அங்கே யாரும் அநியாயம் என்று சொல்வதில்லை, வரிசை என்கிறார்கள். வரிசை என்றால் நகர வேண்டும் என்று கேட்கவும் ஆளில்லை.

மே மாதக் கடைசியில் ஒரு சரக்குக் கப்பலுக்கு ஒரே ஒரு கேடட் கேட்டுக் கடிதம் வந்தது. இருபத்தாறு வயது நிரம்பாதவனாக இருக்க வேண்டும். டெல்ஃபினுக்கு ஜூன் ஒன்பதாம் தேதி இருபத்தாறு. ஏஜென்ஸி ஆள் அனுப்பும் கப்பல் கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் அதே வரம்புதான். இதை விட்டால் அவனுக்கு வேறு கப்பல் இல்லை.

போட்டிக்கு இருந்தவன் ரெனியெல் ஒருவன்தான். வந்து நாலு மாதம்தான் ஆகிறது. சோற்றைத் தீய்ப்பான், பாஸ்போர்ட்டை வாங்கிவரச் சொன்னால் வேறு யாருடையதையோ வாங்கி வருவான். இவனையா அனுப்பப்போகிறார்கள் என்று டெல்ஃபின் தைரியமாகத்தான் இருந்தான். இருந்தாலும் மேடத்தின் மனதில் நிற்க வேண்டுமே என்று அந்த வாரம் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அவர் வீட்டில் படுக்கையில் கிடந்த அப்பாவைக் குளிப்பாட்டி, முகம் மழித்து, ஊட்டிவிட்டு வந்தான். கிழவர் வேறு யார் கையாலும் சாப்பிடமாட்டார்.

வெள்ளிக்கிழமை என்றால் ஆபீஸில் எல்லோருக்கும் பாசிப்பயறுக் குழம்புதான், ஆக்குவது டெல்ஃபின். அடுப்படிக்கு வந்த டைப்பிஸ்ட் நேலியா மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"ஏன்டா தம்பி, இன்னிக்காவது உப்பை அள்ளிக் கொட்டேன்."

"எதுக்குக்கா?"

"இப்படி வாசமா ஆக்கிப் போட்டா உன்னை யாரு விடுவா? எனக்குத் தெரிஞ்சு நல்லாச் சமைச்சவன் எவனும் இங்கேருந்து சீக்கிரம் கப்பல் ஏறல."

சிரிக்கத்தான் சிரித்தான். அவள் போன பிறகு உப்பு டப்பாவைக் கையில் எடுத்தான். ஒரு கை அள்ளியும் விட்டான். கொட்ட மனசு வரவில்லை. நல்ல பயறு, நல்ல கருவாடு, பதினெட்டுப் பேர் பசியோடு வருவார்கள். கையை உதறிவிட்டுக் கீரையைப் போட்டான்.

மேடம் இரண்டு தட்டுச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு அவனைக் கூப்பிட்டார்.

"உட்காரு டெல்ஃபின். நீ எனக்குப் பிள்ளை மாதிரி, தெரியுமில்ல?"

அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"இந்தக் கப்பலுக்கு ரெனியெல் போகட்டும். அவனை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது சொல்லு. நேத்து பிரின்டர்ல தண்ணிய ஊத்திட்டான். நீ போயிட்டா எங்கப்பா பட்டினி கிடப்பாரு."

"மேடம், ஒன்பதாம் தேதியோட எனக்கு வயசு..."

"வயசெல்லாம் பேசிக்கலாம். நான் இருக்கேன்ல. நம்பிக்கைய மட்டும் விட்டுடாத."

எதிர்த்துப் பேசினால் வரிசையிலிருந்தே தூக்கிவிடுவார்கள் என்ற பயம். இல்லாத வரிசையிலிருந்து எப்படித் தூக்குவார்கள் என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. "சரிங்க மேடம்" என்றான். வெளியே வந்து, பயறு ஒட்டியிருந்த பானையைத் தேய்க்க உட்கார்ந்தான். தேய்க்கும்போதுதான் அழுகை வந்தது.

ஜூன் இரண்டாம் தேதி ரெனியெலை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டவனும் டெல்ஃபின்தான். அந்தப் பிள்ளை பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று விழித்தது.

"அண்ணே, எனக்கு ஒண்ணுமே தெரியாதேண்ணே. எதுக்கு என்னை அனுப்பினாங்க?"

"போடா. போய் நல்லா இரு" என்றான் டெல்ஃபின். வேறு என்ன சொல்வது?

அடுத்த திங்கள் எட்டாம் தேதி. ஜெபம் முடிந்தது. அவன் முறை வந்ததும் எழுந்தான். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மேடம் தலையாட்டி ஊக்கப்படுத்தினார்.

"சொல்லுப்பா. வாய்விட்டுச் சொன்னாத்தான் நடக்கும்."

"இந்த வருஷம்... கேடட்டா கப்பல் ஏறுவேன்" என்றான். "நாப்பது வயசுல கேப்டன் ஆவேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். நேலியா மட்டும் குனிந்து மேஜை டிராயரில் எதையோ தேடினாள்.

"சபாஷ்" என்றார் மேடம். "ஆமா, இந்த வெள்ளிக்கிழமை பயறுல கீரை கொஞ்சம் கூடப் போடு. அப்பா கேட்டாரு."

அவன் காபி கலக்கப் போனான்.