பாதி வழியில் இறக்கிய பலகை

கொளஞ்சியம்மாள் எழுவதற்கு முன்பே அவளுடைய பிடரி வலி எழுந்துவிடும். இன்னும் சுடாத பச்சை ஜாடி ஆறு வைத்த பலகையைச் சும்மாட்டின் மேல் ஏற்றிக்கொண்டு, வார்க்கிற கொட்டகையிலிருந்து காயவைக்கிற கொட்டகைக்கு ஒரு நாளைக்கு எழுபது நடை. வழியில் எங்கும் இறக்கக் கூடாது. இறக்கி மறுபடி தூக்கினால் ஈர ஜாடியின் வாய் கோணிக்கொள்ளும். அப்புறம் மேஸ்திரி வாயில் வருவதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது.

மூன்று வருஷமாகத் தூக்குகிறாள். இன்னும் இரண்டு வருஷம் தூக்கினால் தலையைத் திருப்ப முடியாது என்று விருத்தாசலம் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்ததால் ஒரு வழி இருந்தது. ஊரிலேயே பீங்கான் டிப்ளமா படிப்பு. அதற்கு நுழைவுத் தேர்வு. கணக்கு அவளுக்குப் பயமில்லை. விஞ்ஞானப் பகுதிதான் பயம். பெண்ணாடத்தில் அவள் படித்தபோது விஞ்ஞான வாத்தியார் பாதி வருஷத்தில் மாற்றலாகிப் போனார். புத்தகத்தில் வெப்பம் வரைக்கும்தான் நடந்தது. ஒளி திறக்கவே இல்லை.

யோசனை சொல்ல ஆள் கிடைத்தான். சூளையில் ஜாடி அடுக்குகிற பாவாடை. இருபத்து மூன்று வயது. அதே தேர்வை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் தோற்றவன்.

"தோத்தவங்கிட்டப் போயி யோசனை கேக்கறதா?" என்றாள், சோற்றுத் தூக்கைத் திறந்துகொண்டே.

"ஒரே தடவையில பாஸானவனுக்கு என்னா தெரியும்? ஒரு பள்ளத்தையும் பாத்திருக்க மாட்டான். நான் மூணுலயும் வுழுந்து எழுந்தவன். கேட்டுக்க."

"சொல்லுண்ணே. கருவாட்டுக் கொழம்பு இருக்குது, ஊத்தட்டுமா?"

"ஊத்து. மொத வருசம் என்னா செஞ்சேன்? சூளையில எப்பவும் கனத்த ஜாடி அடியில, லேசு மேல. கை அப்படியே பழகிப்போச்சி. பரிட்சையிலயும் கனத்த கேள்வியா மொதல்ல எடுத்தேன். ஒண்ண முடிக்கிறதுக்குள்ள மணி அடிச்சிட்டான்."

"ரெண்டாவது வருசம்?"

"பன்னெண்டு கேள்வி குடுத்து பத்துக்கு எழுதுன்னு போட்டிருந்தான். நான் பன்னெண்டையும் அவசர அவசரமா எழுதினேன்."

"சோத்துல மட்டும் இல்ல, கேள்வியிலயும் மிச்சம் வெக்க மாட்டியா?"

"கிண்டல் பண்ணாத. மூணாவது வருசம் சூளை படம் போடுன்னான். போட்டேன் பாரு, செங்கல் செங்கலா. பொகைக்கூண்டுல பொகை கூட வுட்டேன். முக்கா மணி நேரம்."

"எவ்ளோ மார்க்கு?"

"படத்துக்கு மூணு. பாகத்துக்குப் பேரு எழுதல."

அவள் சிரித்ததில் பிடரி சுளுக்கிக்கொண்டது. பாவாடை கோபப்படவில்லை. விரலை மடக்கி மடக்கிச் சொன்னான். மூணு நிமிஷம் பேனாவைத் தொடாமல் எல்லாக் கேள்வியையும் வாசி. தெரிந்ததை முதலில் எழுது. படத்துக்குக் கோடு போதும், பேர் முக்கியம். அப்புறம் கையைக் கழுவிவிட்டு வந்து இன்னொன்றும் சொன்னான்.

"ஒனக்குன்னு ஒரு பள்ளம் இருக்குது புள்ள. தூக்குன பலகைய நீ எறக்க மாட்டே. அங்க எறக்கணும். மாட்டிக்கிச்சின்னா அங்கயே வெச்சிட்டு அடுத்ததுக்குப் போயிடு. கேள்வி ஒண்ணும் கோணிக்காது."

"இவ்ளோ தெரிஞ்சவன் ஏண்ணே தோத்தே?"

"எப்படி எழுதறதுன்னு தெரியும். என்னா எழுதறதுன்னுதான் தெரியாது" என்று சொல்லிவிட்டு பீடியைப் பற்றவைத்தான். "நாலாவது தடவ நானும் எழுதறேன். பயப்படாத, ஒன் எடத்த நான் புடிக்க மாட்டேன்."

தேர்வு சித்திரைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. விஞ்ஞானத்துக்கு ஒரு மணி நேரம். கொளஞ்சியம்மாள் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, கைகளைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு வாசித்தாள். இரண்டு வரிசை முன்னால் பாவாடையின் முதுகு தெரிந்தது. மணி அடித்த மறு நொடியே அவன் குனிந்து எழுதத் தொடங்கியிருந்தான். கனத்ததாகத்தான் இருக்கும். சூளைக்காரன் கை.

அவள் மட்டும் என்ன வாழ்ந்தாள்? ஐந்து கேள்வி வரைக்கும் சரியாகப் போனது. ஆறாவது குவி லென்ஸ். பொருள் முப்பது சென்டிமீட்டரில், குவியத் தூரம் இருபது, பிம்பம் எங்கே விழும்? கேள்வியைத் தூக்கிவிட்டாள். கூட்டினாள், கழித்தாள், அடித்துவிட்டு மறுபடி கூட்டினாள். வியர்வை காகிதத்தில் சொட்டியது. விடவும் மனமில்லை. பாதி வழியில் பலகையோடு நிற்கிற மாதிரியே பிடரி கடுத்தது. அந்த வலிதான் பாவாடையின் பேச்சை ஞாபகப்படுத்தியது. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். லென்ஸுக்கு மட்டும் பதினான்கு நிமிஷம் போயிருந்தது.

வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாதி வழியில் இறக்கினாள். தரையில் ஏதாவது உடைகிறதா என்று ஒரு கணம் காது கொடுத்தாள். ஒன்றும் உடையவில்லை.

ஏழாவது கேள்வி: ஈரம் காயாத மண்பாண்டத்தைச் சூளையில் வைத்துச் சூடேற்றினால் ஏன் வெடிக்கிறது? நீர் ஆவியாகிப் பருமன் பெருகுகிறது, வெளியேற வழியில்லாமல் சுவரைப் பிளக்கிறது என்று எழுதினாள். மேஸ்திரி அப்போது திட்டுகிற வார்த்தைகளும் பேனா நுனி வரைக்கும் வந்தன. அடக்கிக்கொண்டாள். மணி அடித்தபோது ஒன்பது கேள்வி முடிந்திருந்தது. லென்ஸ் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

இருபது நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். தேர்வான முப்பது பேரில் அவள் இருபத்தேழாவது. பாவாடை பெயரை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் தேடினாள். இல்லை.

அவன் பின்னால் நின்று சிரித்தான். "தேடாத புள்ள. மொதல்லயே கனத்ததத் தூக்கிட்டேன்."

"நீயே சொல்லிட்டு நீயே ஏண்ணே அப்படிச் செஞ்சே?"

"வாய் சொல்லிச்சி. கை கேக்கல." தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "சரி, என் யோசனைக்குக் கூலி குடு."

"கருவாட்டுக் கொழம்பு ஊத்தினேனே!"

"அது அன்னிக்கி பசிக்கி. எனக்கு சயின்ஸு சொல்லிக் குடு. அடுத்த வருசம் அஞ்சாவது தடவ."

அவள் சரி என்றாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் சூளைச் சுவரோரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறாள். வெப்பம் முடிந்துவிட்டது. சூளைக்காரனுக்கு அது கஷ்டமில்லை. ஒளியை அவளே இப்போதுதான் டிப்ளமா வகுப்பில் படிக்கிறாள். பாவாடைக்கு அவள் தர வேண்டிய பாக்கி, குவி லென்ஸ்.