கயிற்றால் கட்டிய கிட்டார்

கப்பலிலிருந்து வந்த மச்சினன் ஏசுஅடிமை சாக்கை அவிழ்த்து முற்றத்தில் கொட்டியபோது, விழுந்தது கப்பல் சாமானா, அடுப்புக்குக் கொண்டுவந்த விறகா என்று சிலுவைமுத்துவுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. எண்ணிப் பார்த்தான். ஏழு துண்டு. இரண்டில் கம்பி தொங்கியது. ஒன்றில் குதிரை லாடத்தைப்போல ஒரு காந்தம் பதிந்திருந்தது. அது வந்து இறங்கிய கால்மணி நேரத்தில் முற்றத்தில் சிதறிக் கிடந்த தூண்டில் முள்ளையெல்லாம் தன் பக்கம் சேர்த்துக்கொண்டது. பக்கத்து வீட்டு முள்ளும் இரண்டு வந்ததாகப் பேச்சு உண்டு.

"எலக்ட்ரிக் கிட்டாராக்கும் அத்தான்," என்றான் ஏசுஅடிமை.

"ஆருலே இதைக் கொன்னது?"

கொன்றது ஒரு வாழைக்குலை வண்டி. கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்தவன், தோவாளை இறக்கம்வரை அதைப் பஸ்ஸின் தலைமேல் பத்திரமாகத்தான் கொண்டுவந்திருக்கிறான். இறக்கத்தில் கட்டு அவிழ்ந்தது. பின்னால் வந்த வண்டி, கிட்டார் மேலும் அதன் ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் சத்தப்பெட்டி மேலும் முறையாக ஏறி இறங்கியது. சத்தப்பெட்டி அப்பளமாகிவிட்டதால் அதை அங்கேயே அடக்கம் செய்துவிட்டான். வண்டி மாடுகள் இரண்டும் மூன்று நாள் ஒரே சுருதியில் கத்தின என்று பின்னாளில் சொன்னார்கள். அது மிகை. இரண்டு நாள்தான்.

ஏசுஅடிமைக்குக் கப்பலில் அடுக்களை வேலை. அதே கப்பலில் வெள்ளைக்காரர்களுக்கு வாசிக்கும் பாண்டுக்காரன் ஒருவனுக்கு இரண்டு வருஷம் மீன் பொரித்துக் கொடுத்திருக்கிறான். அந்த நன்றிக்குக் கிடைத்தது இது. மடியில் கிடத்தி, இடது கையில் ஓர் இரும்புக் கட்டியைக் கம்பிமேல் உருட்டி வாசிக்க வேண்டும். கரண்டைக் கொடுத்தால் கடலிரைச்சலையும் மீறிக் கேட்கும் என்று பாண்டுக்காரன் சொன்ன அன்றைக்கே அவன் மனதில் அக்காள் வந்து நின்றுவிட்டாள்.

அக்காள் செசிலி, சிலுவைமுத்துவின் மனைவி. தாயில்லாத தம்பியைப் பாடிப் பாடியே வளர்த்தவள். கோயில் பாட்டில் அவள் குரல் ஏறினால் மற்றவர்கள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பார்கள். ஆறு வருஷத்துக்கு முன் வந்த விஷக்காய்ச்சல் அவளை விட்டுவிட்டு, அவள் காதை எடுத்துக்கொண்டு போனது.

"அக்காவுக்குக் கேக்கணும் அத்தான். அதுக்காவ மட்டும்தான் இதைச் சொமந்தேன். வியாழக்கெழமை நான் திரும்பிப் போணும்."

"பெட்டியும் போச்சு, கரண்டுக்கு எங்கண போவ?"

ஏசுஅடிமை அதை யோசித்திருக்கவில்லை. கொளச்சலுக்குக் கிழக்கே அந்தக் கடற்கரையில் கரண்டு என்ற சாமானை யாரும் கண்ணால் கண்டதில்லை. "மொதல்ல ஒண்ணாக் கெட்டுங்க. பொறவு பாப்பம்," என்றான்.

சிலுவைமுத்து வள்ளம் கட்டுகிறவன். அந்தக் கரையில் வள்ளத்துக்கு ஆணி அடிப்பதில்லை. பலகையோரங்களில் துளை போட்டு, இடுக்கில் தென்னந்தும்பை அடைத்து, கயிறு கோத்துத் தைத்து, மேலே புன்னையெண்ணெய் பூசுவார்கள். அலை அடித்தால் வள்ளம் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும், உடையாது. அவனுக்குத் தெரிந்த வைத்தியம் இது ஒன்றுதான். ஆடிக் கடல் பொங்கிக் கிடந்ததால் வள்ளங்களெல்லாம் கரையேறியிருந்தன, கையில் வேறு வேலையும் இல்லை. துண்டுகளைப் பொருத்திப் பார்த்தவன், உள்ளே குடைவே இல்லாத ஒரே கட்டை அது என்று கண்டு தலையைச் சொறிந்தான். வயிறு இல்லாத சாமான் எப்படிப் பாடும்? ஆனாலும் அதை மச்சினனிடம் கேட்கவில்லை. துளை போடும் துறப்பணத்தை எடுத்தான்.

வேலை செய்யும்போதெல்லாம் அவனுக்குள் ஒரு பயம் ஊர்ந்தது. செசிலிக்குக் காது போன புதிதில் அவன் கத்தித்தான் பேசினான். அவன் வீட்டில் என்ன குழம்பு, யார்மேல் கோபம் என்பதெல்லாம் மூன்று தெரு தள்ளித் தெரிந்துவிட, வெட்கப்பட்டுக் கையசைவுக்கு மாறினான். கஞ்சிக்கு ஒரு அசைவு, மழைக்கு ஒரு அசைவு, கயிற்றுக்கு ஒன்று. அவை போதும்போலத்தான் இருந்தன. ஆனால் காய்ச்சலின் மூன்றாம் நாள், வைத்தியரைக் கூப்பிடப் போகாமல், மீன்பாடு நன்றாக இருக்கிறதென்று அவன் கடலுக்குப் போனான். அதற்கு மட்டும் அசைவு இல்லை. ஆறு வருஷமாகத் தேடியும் அகப்படவில்லை. அவளுக்குக் கேட்காது என்பதே ஒரு சௌகரியமாகவும் ஆகியிருந்தது. இப்போது கேட்டுவிட்டால் அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஏழு துண்டும் ஒன்றாயின. வள்ளம் கட்டி முடித்தால் செய்கிற காரியத்தைச் சிலுவைமுத்து இதற்கும் செய்தான். கொண்டுபோய்ப் பாறையிடுக்குத் தண்ணீரில் மிதக்கவிட்டு, நீர் கசிகிறதா என்று குனிந்து பார்த்தான்.

கருவாட்டுக் கடவப்பெட்டியோடு போன முத்துக்கனி நின்றாள். "இதுல எத்தன பேரு ஏறலாம்வே?"

"ஏட்டி, ஒனக்க நாக்கு ஏறினா முங்கிப் போவும்."

ஒரு சொட்டுக் கசியவில்லை. கட்டையில் கசிவதற்கு இடமும் இல்லை. புதன்கிழமை முழுக்க வெயில் காட்டி, கழற்றி வைத்திருந்த காந்தத்தை அதன் இடத்தில் வைத்துக் கட்டி, கம்பி ஏற்றினார்கள். ஏசுஅடிமை மடியில் கிடத்தி மீட்டினான்.

கொசு பறந்ததைப்போல ஒரு சத்தம் வந்தது. அதையும் பக்கத்திலிருந்தவர்கள் மட்டும்தான் கேட்டார்கள். எதிரே உட்கார்ந்திருந்த செசிலி, தம்பியின் விரல்களைப் பார்த்து, எல்லாம் கேட்டவளைப்போலத் தலையாட்டிச் சிரித்தாள். சந்தோஷப்படுத்துவதற்காக அவள் சிரிக்கிற சிரிப்பு அது. ஏசுஅடிமை அதைத் தாங்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வியாழன் காலை பார்த்தால், கம்பி இழுத்த இழுப்பில் கழுத்துத் தையல் வாய் பிளந்திருந்தது. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. சிலுவைமுத்து தையலை இறுக்க உட்கார்ந்தான். வள்ளம் தைக்கும்போது கயிற்றின் மறுமுனையை இன்னொருவன் விறைப்பாகப் பிடித்துக்கொள்வான். இங்கே ஏசுஅடிமை கட்டையை மடியில் அமர்த்திப் பிடித்திருந்தான். சிலுவைமுத்துவின் இரண்டு கையும் தும்பை அமுக்கிக்கொண்டிருந்தன. செசிலி அடுக்களையிலிருந்து வந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்தாள். தம்பிக்குக் கட்டிக்கொடுக்க கருவாடு வறுத்த கை, எண்ணெய் வழிந்தது. கயிறு வழுக்கியது. அவள் யோசிக்கவில்லை. முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, நாலு முழம் தள்ளி உட்கார்ந்து, தலையைப் பின்னுக்கு இழுத்தாள்.

கம்பி இறங்கிவிட்டதோ என்று பார்க்க ஏசுஅடிமை விரலால் ஒரு தட்டுத் தட்டினான்.

செசிலியின் தோள் குலுங்கியது. கண்கள் அவன் விரலுக்குப் போயின, சிலுவைமுத்துவுக்கு வந்தன, மறுபடி விரலுக்குப் போயின. கையால், இன்னும் ஒருமுறை என்று காட்டினாள். தட்டினான். பிறகு அவனுக்கே தெரியாமல் இரும்புக் கட்டியை எடுத்து, அவள் சாயங்காலங்களில் பாடித் தூங்கவைத்த பாட்டை உருட்ட ஆரம்பித்தான். கட்டையிலிருந்து கயிற்றுக்கு, கயிற்றிலிருந்து பல்லுக்கு, பல்லிலிருந்து எலும்பு வழியாக எங்கே போகவேண்டுமோ அங்கே அது போய்ச் சேர்ந்தது. செசிலி அசையவில்லை. கண்ணீர் மட்டும் கயிற்றோரமாக இறங்கிற்று. பாட்டு முடிந்ததும் கயிற்றை வாயிலிருந்து எடுத்தாள்.

"லேய் மக்கா," என்றாள், குரலின் அளவு தெரியாமல், மிக மெதுவாக. "அந்த மூணாவது கம்பி எறங்கிக் கெடக்கு."

ஏசுஅடிமை சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான். பிறகு மூன்றாவது கம்பியை ஏற்றினான். அவள் சரி என்று சொல்லும்வரை ஐந்து தடவை ஏற்றி இறக்கினான். பஸ் போய்விடும் என்று தெரிந்தும் இன்னும் மூன்று பாட்டு வாசித்தான். எழுந்தபோது கட்டையைத் தூக்கி அத்தானின் மடியில் வைத்தான்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுலே."

"வாசிக்காண்டாம் அத்தான். தாடைய மரத்துல அமுக்கி வெச்சுப் பேசுங்க. கேக்கும்."

அவன் மூட்டையோடு தெருமுனை தாண்டும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு முற்றத்தில் அவர்கள் இரண்டு பேரும், நடுவில் நாலு முழம் கயிறும் மட்டும்தான். செசிலி முனையைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். சிலுவைமுத்து சுற்றிலும் பார்த்தான். முகவாயைக் கட்டையில் வைத்தான். புன்னையெண்ணெய் மணத்தது.

"கேக்குதா?" என்றான்.

தலையசைத்தாள். இந்தத் தடவை அது தம்பிக்குச் சிரித்த சிரிப்பு இல்லை.

"ஏட்டி, அந்தக் காய்ச்சலுக்க மூணாம் நாளு," என்று தொடங்கினான். முகவாயைக் கட்டையில் இன்னும் அழுத்தினான். "நான் கடலுக்குப் போனேன் பாத்தியா..."

அதற்கு மேல் அவன் குரல் மிகவும் தணிந்துவிட்டது. என்ன சொன்னான் என்பது மரத்துக்கும் கயிற்றுக்கும்தான் தெரியும். கேட்டுக்கொண்டிருந்த செசிலி தன்னையறியாமல் அவன் பக்கம் ஒரு சாண் நகர்ந்தாள். கயிறு தொய்ந்தது, குரல் அறுந்தது. அவன் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அவள் மணலில் கையூன்றி வந்த வழியே பின்னால் நகர்ந்தாள், கயிறு மறுபடி விறைப்பாகும்வரை.