நாக்கில் படிந்த வெள்ளை

விஸ்வேஸ்வரனின் பல்செட்டைக் கழுவிக் கொடுக்கும்போதுதான் ராஜஸ்ரீ அதைக் கவனித்தாள். அப்பாவின் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர்த் திப்பி போல வெள்ளை படிந்திருந்தது. போனில் தேடிப் பார்த்து, ஈஸ்ட் என்னும் பூஞ்சையின் தொற்று என்று தெரிந்துகொண்டாள்.

தாபோடியில் இருந்த அந்த வீட்டில் அவர்கள் இருவர்தான். ஆறு வருஷத்துக்கு முன் இதயத்தில் செயற்கை வால்வு வைத்ததிலிருந்து, ரத்தம் கட்டாமலிருக்க அப்பா தினமும் ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தார். சர்க்கரைக்கும் பி.பி.க்கும் உள்ளதைச் சேர்த்தால் காலையில் மட்டும் ஏழு. எட்டாவதாக இன்னொன்றை அந்த உடம்புக்குள் தள்ள அவளுக்கு மனசு வரவில்லை. தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவினாள். பூண்டை நசுக்கி மோரில் கலந்து கொடுத்தாள்.

"எரியறதும்மா."

"கொஞ்சம் பொறுத்துக்கோங்கப்பா. கெமிக்கல் இல்லாமலே சரியாயிடும்."

முதல் வாரம் குறைந்தது போலிருந்தது. இரண்டாவது வாரம் வெள்ளை தொண்டைக்கு இறங்கியது. கஞ்சியைக்கூட முழுங்க முடியாமல் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார்.

தளேகாவ் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் தம்பி பத்ரிநாத் சனிக்கிழமை லோக்கல் ரயிலில் வந்து இறங்கினான். அப்பாவைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"பாதியா இளைச்சிட்டார். இதுக்குப் பேர் வைத்தியமாக்கா?"

"டாக்டர்கிட்டப் போனா இன்னும் நாலு மாத்திரை எழுதுவார்."

"எழுதட்டுமே."

கிளினிக் திங்கட்கிழமைதான் திறக்கும். பத்ரி அதுவரை காத்திருக்கவில்லை. தெருமுனையிலிருந்த மெடிக்கல் கடைக்குப் போய்ப் பூஞ்சைக்கான மாத்திரை அட்டை ஒன்று வாங்கி வந்தான். அப்பா வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கடைக்காரர் விசாரித்தாரா என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. கோபத்தில் கேட்காமல் விட்டுவிட்டாள்.

நாலாம் நாள் வெள்ளை நீங்கி அப்பாவின் நாக்கு பழையபடி சிவப்பாகிவிட்டது. ரசம் சாதம் கேட்டு இரண்டு தடவை போட்டுக்கொண்டார்.

"பாத்தியா?" என்றான் பத்ரி போனில். அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, தோற்றுப்போனது போலவும் இருந்தது. மிச்ச மாத்திரைகளை அவளே வேளை தவறாமல் கொடுத்தாள்.

எட்டாம் நாள் ஈறில் ரத்தம் கசிந்தது. பல்செட் உராய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் காலை தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார். பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்ததும் மூளைக்குள் ரத்தக் கசிவு என்றார்கள்.

டாக்டரம்மா பூஞ்சை மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு இந்தியில் நிதானமாகச் சொன்னார். "இது நல்ல மாத்திரைதான். ஆனால் ரத்தம் கட்டாமலிருக்கக் கொடுக்கிற மருந்தின் வேகத்தை ஏற்றிவிடும். ரத்தத்தைச் சோதித்து அந்த மருந்தின் அளவைக் குறைத்திருக்க வேண்டும்."

"மஞ்சள் எண்ணெயோட விட்டிருந்தா இப்படி ஆகியிருக்காதா?" என்று, சேதி கேட்டு ஓடிவந்திருந்த பத்ரி கேட்டான்.

"தொற்று உள்ளே இறங்கிக்கொண்டே இருந்திருக்கும். முதல் நாளே யாரிடமாவது காட்டியிருக்கலாம்."

மூன்றாம் நாள் விஸ்வேஸ்வரன் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து வந்தவர்கள் கிளம்பிய பிறகு பத்ரி சமையலறை வாசலில் நின்றான்.

"நான்தானேக்கா வாங்கிட்டு வந்தேன்."

இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஆனால் அதை அவன் தலையில் மட்டும் போடவும் முடியவில்லை.

"ஈறுல ரத்தம் வந்ததை முந்தின நாளே பாத்தேன்டா. உனக்குக்கூட சொல்லலை."

பத்ரி அவளையே பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தான். அந்த மாதம் முழுக்க அவனும் போன் செய்யவில்லை, அவளும் செய்யவில்லை.